அளவறிந்து திறக்கும் வாயில்

சிங்கப்பூரில் கேலாங் சாலையின் இருமருங்கிலும் பிரிந்து செல்லும் குறுந்தெருக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. ஒரு பக்கம் ஒற்றைப்படை லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை லோரோங்குகள். ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே தங்கும் இளைஞர் ஒருவருக்கு முதல் சில நாள்கள் எல்லாத் தெருவும் ஒன்றுபோலவே தோன்றும். அதே கடைவீடுகள், அதே அஞ்சடி நடைபாதை, அதே கோப்பிக்கடை. பருவம் வந்துவிட்டால் முனைதோறும் டுரியான் குவியல். பிறகு ஒரு மாலையில், எண் பலகையை நிமிர்ந்து பாராமலே தம் விடுதி இருக்கும் லோரோங்கில் திரும்பிவிடுவார். கால் பழகிவிட்டது என்று நாம் சொல்வோம். உண்மையில் பழகியிருப்பது மூளை. அந்தச் சில நாள்களுக்குள் அவருடைய நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் சில வலுப்பெற்றிருக்கின்றன, சில தளர்ந்திருக்கின்றன. கருவிகளால் அளக்கத்தக்க, வேதியியலால் விளக்கத்தக்க மாற்றம் அது. அதைத் தொடங்கி வைப்பது கால்சியம்.

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் சுண்ணாம்புச் சத்து என்றே நாம் அறிந்து வைத்திருக்கும் அதே கால்சியம்தான். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் உறைந்து கிடக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு குருதியிலும் தசையிலும் உயிரணுக்களைச் சூழ்ந்த நீரிலும் கரைந்து உலவுகிறது. இதயம் துடிப்பதும் தசை சுருங்குவதும் குருதி உறைவதும் அந்த ஒரு பங்கை நம்பியே நடக்கின்றன. நாம் எதையேனும் கற்று நினைவில் கொள்வதும் அவ்வாறே.

மூளையில் இந்த ஒரு பங்கு பரவியிருக்கும் விதம் வியப்புக்குரியது. நரம்பணுவைச் சூழ்ந்த நீரில் கால்சியம் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிமோல் அளவில் இருக்கிறது. அமைதியாக இருக்கும் நரம்பணுவின் உள்ளேயோ அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவே கட்டற்று உலவுகிறது. நடுவே இருப்பது வெறும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு மென்படலம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைத்திருப்பதன்று. படலத்தில் பதிந்துள்ள இறைப்புப் புரதங்கள் ஓய்வின்றி ஆற்றலைச் செலவிட்டுக் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சோடியத்தை உள்ளே விட்டு அதற்கு ஈடாகக் கால்சியத்தை வெளியேற்றும் புரதங்களும் உடன் உழைக்கின்றன. மீறி உள்ளே நிற்பதை உயிரணுவின் அகவலை தன் அறைகளுக்குள் இழுத்து அடைத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் தம் பங்குக்கு விழுங்குகின்றன.

ஏன் இத்தனை விலக்கல்? காரணம் பழைமையானது. உயிர்கள் எல்லாம் தம் ஆற்றலைப் பாஸ்பேட் என்னும் வேதிக்கூறில் சேமித்து வைத்தே கைமாற்றிக் கொள்கின்றன. கால்சியமும் பாஸ்பேட்டும் மிகுதியாகச் சேர்ந்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும். எலும்புக்கு வலுத் தருவது அந்தப் படிவுதான். உயிரணுவின் உள்ளே அது நேர்ந்தால் சாவு. எனவே தொல்பழங்காலத்து உயிரணுக்களே கால்சியத்தை வெளியேற்றக் கற்றுக்கொண்டன. அவ்வாறு வெளியேற்றியதால் எதிர்பாராத ஒரு பேறு கிட்டியது. உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத நிலையில், சிறிதளவு நுழைந்தாலும் அது பெருஞ்செய்தி ஆகிவிடுகிறது. நஞ்சென்று ஒதுக்கி வைத்த பொருளே தூதாகப் பயன்படத் தொடங்கியது. உயிரியலில் இதற்கு இணையான திருப்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தச் சிறிதளவு எவ்வளவு சிறிது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு நரம்பணு மற்றொன்றின் செய்தியைப் பெரும்பாலும் தன் கிளைகளில் முளைத்துள்ள நுண்முட்களில் ஏற்கிறது. ஒரு முள்ளின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கன மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அமைதிநிலையில் அதனுள் கால்சியத்தின் செறிவு லிட்டருக்கு 100 நானோமோல். பெருக்கிப் பார்த்தால், கட்டற்ற கால்சியம் அயனிகள் அங்கே சராசரியாக ஆறு மட்டுமே இருக்கும். ஆறு! வலுவான செய்தி ஒன்று வந்து, செறிவு நொடியின் சிறு பகுதிக்குள் நூறு மடங்கு உயர்ந்தாலும், அறுநூறு அயனிகள்தாம். விரல்விட்டு எண்ணத்தக்க துகள்களின் வரவும் செலவும் ஓர் இணைப்பின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

கால்சியம் உடலில் வெறும் கட்டுமானப் பொருள் அன்று என்பதை முதலில் உணர்த்தியவர் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர். 1880களின் தொடக்கத்தில் தவளையின் இதயத்தை உப்புநீரில் இட்டுத் துடிக்க வைத்து ஆராய்ந்து வந்தார். குழாய்நீரில் கரைத்த உப்புக் கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது. வடிநீரில் கரைத்தபோது நின்றுபோயிற்று. குழாய்நீரில் இருந்த கால்சியமே வேறுபாட்டுக்குக் காரணம் என்று 1883இல் அவர் எழுதினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, அதே லண்டனில் பெர்னார்டு காட்சும் ரிக்கார்டோ மிலெடியும், நரம்பின் முனையிலிருந்து வேதித்தூது வெளிப்படுவதற்கும் கால்சியம் உள்ளே நுழைந்தாக வேண்டும் என்று நிறுவினர். 1967இல் டாட்ஜும் ரஹமிமோஃபும் மற்றோர் உண்மையைக் கண்டனர். நரம்பும் தசையும் கூடும் இடத்தில், வெளிப்படும் தூதின் அளவு கால்சியச் செறிவின் நான்காம் அடுக்கை ஒட்டி உயர்கிறது. கால்சியம் இருமடங்கானால் தூது பதினாறு மடங்காகும். இவ்வளவு கூர்மையான கருவியைக் கையாள்வதற்குக் கட்டுப்பாடு எத்துணை வேண்டும் என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

இனிக் கற்றலுக்கு வருவோம். மூளையின் இருபுறமும், காதுக்கு மேலே உள்ளடங்கி, கடற்குதிரை வடிவில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி, இடங்களையும் நிகழ்ச்சிகளையும் நினைவில் பதிப்பதற்கு இன்றியமையாதது. 1973இல் வெளியான ஆய்வில், நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் டிமதி பிளிஸ், தெரியே லோமோ இருவரும், முயலின் ஹிப்போகாம்பஸில் ஒரு நரம்புப் பாதையை விரைந்த மின்துடிப்புகளால் சிறிது நேரம் தூண்டினர். தூண்டல் நின்றபின்னும் அப்பாதையின் இணைப்புகள் மணிக்கணக்கில் வலுவோடு இருந்தன. நீடித்த வலுவேற்றம் என்று அறியப்படும் இந்நிகழ்வே, நினைவு மூளையில் பதியும் வழிக்குச் சான்றாக இன்றளவும் ஆராயப்படுவது. 1983இல் அமெரிக்காவில் கேரி லிஞ்ச் தம் குழுவினரோடு செய்த ஆய்வு அதன் வேரைத் தொட்டது. செய்தியை ஏற்கும் நரம்பணுவினுள் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தினார்கள். மற்றவை யாவும் முன்போல் நடந்தன. வலுவேற்றம் மட்டும் நிகழவில்லை.

அப்படியானால் கால்சியம் எந்த வழியாக நுழைகிறது? இங்கேதான் இயற்கையின் அமைப்பு நம்மைத் தலைவணங்க வைக்கிறது. நரம்பணுவின் முட்களில் என்.எம்.டி.ஏ. ஏற்பி என்னும் புரதவாயில் ஒன்று இருக்கிறது. முன்னிருக்கும் நரம்பணு குளூட்டமேட் என்னும் தூதை வெளியிட்டு அது வந்து பொருந்தினால் இவ்வாயில் திறக்கும். திறந்தாலும் பயனில்லை, நடுவழியில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். ஏற்கும் நரம்பணுவும் அதே வேளையில் வேறு இணைப்புகளால் தூண்டப்பட்டு மின்னழுத்தம் மாறினால்தான் அந்த மக்னீசியம் விலகும். அப்போதே கால்சியம் உள்ளே பாயும். மக்னீசியத்தின் இந்தக் காவலை 1984இல் பாரிசிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். அனுப்புபவரும் ஏற்பவரும் ஒரே வேளையில் விழித்திருந்தால் மட்டுமே வாயில் திறக்கிறது என்று பொருள். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வந்தன என்பதை ஒரு தனி மூலக்கூறு உணர்ந்துகொள்கிறது. கோப்பிக்கடையின் பலகையும் வலப்பக்கத் திருப்பமும் சேர்ந்தே வருகின்றன என்று லோரோங்கில் நடக்கும் இளைஞரின் மூளை அறிவது இத்தகைய கோடிக்கணக்கான வாயில்களின் வழியே.

இது ஊகம் அன்று. ரிச்சர்டு மாரிஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1981இல் ஒரு தேர்வை வகுத்தார். கலங்கிய நீர்த்தொட்டியில் எலியை விடுவார். நீருக்குச் சற்றே கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு மேடை இருக்கும். அறையின் சுவரில் உள்ள அடையாளங்களைக் கொண்டு எலி அம்மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். 1986இல் அவரும் உடனாய்வாளர்களும், என்.எம்.டி.ஏ. வாயிலை அடைக்கும் மருந்தை எலிகளின் மூளையில் செலுத்திப் பார்த்தனர். நீந்தும் திறன் இருந்தும் அவ்வெலிகளால் மேடையின் இடத்தைச் சரிவரக் கற்க முடியவில்லை.

உள்ளே நுழைந்த கால்சியத்தை முதலில் எதிர்கொள்வது கால்மோடுலின் என்னும் சிறு புரதம். நான்கு கால்சியம் அயனிகளைப் பற்றியதும் அது உருமாறி, மற்றப் புரதங்களை எழுப்பும் ஆற்றலைப் பெறுகிறது. அவற்றுள் தலையாயது கேம்கினேஸ் 2 என்னும் நொதி. பன்னிரண்டு கூறுகள் வளையமாக அமைந்த பெரிய புரதம் அது. ஹிப்போகாம்பஸின் புரதங்களில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு இந்த ஒரே நொதி என்றால் அதன் முதன்மை விளங்கும். கால்சியம் எழுப்பியதும் இதன் கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டைப் பதித்துக்கொள்கின்றன. அப்படிப் பதித்தபின், கால்சியம் வெளியேறிய பிறகும் நொதி சிறிது நேரம் விழித்தே இருக்கிறது. வந்து மறைந்த ஒரு நொடியின் தடம் மூலக்கூறில் தங்கிவிடுகிறது. 1992இல் அல்சினோ சில்வாவும் குழுவினரும் இந்நொதிக்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினர். மாரிசின் நீர்த்தொட்டியில் அவை தடுமாறின.

ஆனால் கால்சியம் எப்போதும் வலுவையே தருவதில்லை. சற்றே குறைந்த அளவில் நெடுநேரம் கசிந்தால் அது வேறொரு நொதியை எழுப்புகிறது. கால்சினியூரின் என்னும் அந்நொதி பாஸ்பேட்டை நீக்கும் பணி தொடங்கி, இணைப்பைத் தளர்த்திவிடும். திடீரென மிகுந்து எழுந்தால் வலுவேற்றம். மெல்ல நெடிது நீடித்தால் தளர்வு. ஒரே அயனி, எதிரெதிரான இரு ஆணைகள். ஜான் லிஸ்மன் 1989இல் இக்கருத்தை முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் பலவும் அதற்கு அரண் செய்தன. கற்பது போலவே மறப்பதும் மூளைக்குத் தேவையான வேலை என்பதால், தளர்த்துவதைக் குறையாகக் கருதுவதற்கில்லை. கற்றலுக்கு வேண்டியது கால்சியத்தின் மிகுதி அன்று. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று அதை அளந்து விடும் ஆளுகையே. இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விழைவது இந்த ஒன்றைத்தான். இதற்கு மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று நம் ஊரிலேயே கிடைத்திருக்கிறது.

அல்ஜுனிட் நிலையத்தில் கிழக்கு–மேற்குத் தடத்தில் ஏறி, புவன விஸ்தாவில் வட்டப்பாதைக்கு மாறினால் கெண்ட் ரிட்ஜ் வந்துவிடும். அங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில், சூங் டக் வா என்னும் உடலியல் பேராசிரியர் பல்லாண்டுகளாகக் கால்சியம் வாயில்களை ஆராய்ந்து வருகிறார். அவர் எடுத்துக்கொண்டது, மின்னழுத்தம் மாறியதும் திறக்கும் மற்றொரு வகை வாயில். அந்தக் குடும்பத்தில் கேவி 1.3 என்பது நரம்பணுவின் உடலிலும் கிளைகளிலும் பரவியிருக்கிறது. இவ்வாயிலுக்கு ஓர் அரிய பண்பு உண்டு. அதன் உட்பகுதியில் கால்மோடுலின் முன்பே வந்து அமர்ந்திருக்கும். வாயில் திறந்து கால்சியம் நுழைந்ததும் அக்கால்மோடுலின் அதைப் பற்றிக்கொண்டு வாயிலை மூடச்செய்கிறது. உள்ளே வந்த கால்சியமே பின்வரும் கால்சியத்தைத் தடுக்கிறது. வெள்ளம் மிகாதபடி பார்த்துக்கொள்ளும் தற்காப்பு இது.

சூங்கும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இத்தற்காப்பையே மூளை திருத்தி எழுதுகிறது என்று காட்டியது. மரபணுவில் உள்ள கட்டளை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டு, அந்தப் படியைப் பார்த்தே புரதம் கட்டப்படுகிறது. மூலத்தில் எவ்வித மாற்றமும் இல்லாமல், படியில் மட்டும் ஓரிரு எழுத்துகளை மாற்றும் நொதிகள் நம் உடலில் உண்டு. அவற்றுள் ஒன்றான அடார் 2, கேவி 1.3இன் படியில் கால்மோடுலின் பற்றும் இடத்தைத் தேர்ந்து திருத்துகிறது. திருத்தப்பட்ட வாயிலில் தானே மூடிக்கொள்ளும் வேகம் குறைகிறது. இத்திருத்தம் நடப்பது மூளையும் தண்டுவடமும் சேர்ந்த நடு நரம்பு மண்டலத்தில் மட்டுமே என்பதுதான் வியப்பு.

எண்ணிப் பார்த்தால் ஒரு புதிர் எழும். வாயில் மெல்ல மூடினால் கால்சியம் மிகுதியாக நுழைய வேண்டும் அல்லவா? ஆனால் அதே திருத்தம் வாயில் திறக்கும் வாய்ப்பையே குறைத்துவிடுகிறது என்பதும் தெரியவந்தது. ஒன்று கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது. கூட்டிக் கழித்தால் எஞ்சுவது என்ன? விடை காண ஒரே வழி, திருத்தமே நிகழாத உயிரை உருவாக்கிப் பார்ப்பது. அடார் நொதி வந்து பொருந்துவதற்குத் தேவையான மரபுப் பகுதியை மட்டும் நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினர். ஜிங் ஷாய், ஷீஜா நவக்கோடு, ஹுவா ஹுவாங் முதலியோரோடு சேர்ந்து சூங் அந்த ஆய்வை வெளியிட்டது 2022இல். இணைப்புகளின் வலுவேற்றத்தை அளந்த பணியில், கேரளத்தில் பிறந்த ஸ்ரீதரன் சஜிகுமார் பங்கேற்றார். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் யூலியெட்டா ஃபிரேயுடன் பணியாற்றியவர் அவர். வலுவற்ற ஒரு நினைவு அருகில் நிகழும் வலுவான நினைவின் துணையால் நிலைபெறும் வழியை ஆராய்வதில் உலகறிந்த அறிஞர்.

முடிவு எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். திருத்தம் அற்ற சுண்டெலிகள் மேலும் நன்றாகக் கற்றன. கற்றதை நெடுநாள் நினைவில் கொண்டன. அவற்றின் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களுள் கால்சியம் மிகுதியாக நுழைந்தது. அவை எளிதில் கிளர்ந்தன. புதுப்புரதங்கள் உருவாகி நீண்டநேரம் நிற்கும் பிந்திய வலுவேற்றம் ஓங்கியது. நரம்பணுக் கிளைகளும் மேலும் அடர்ந்திருந்தன. ஆகவே, கூட்டிக் கழித்தபின் திருத்தத்தின் விளைவு கால்சியத்தைக் குறைப்பதே. இயற்கை இத்திருத்தத்தைப் பாலூட்டிகள் பலவற்றிலும் மாறாமல் காத்து வந்திருக்கிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இதன் உட்பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். மேலும் நன்றாகக் கற்கும் ஆற்றல் மூளையின் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. சில எழுத்துகளைத் திருத்தாமல் விட்டாலே அது கிட்டிவிடும். இருந்தும் மூளை, உழைப்பைச் செலவிட்டு, அதைத் திருத்திக் குறைத்துக்கொள்கிறது. எதற்காக? நான் இதை வீணென்று எண்ணவில்லை. வேறு இடங்களில் கால்சியம் மிகுந்ததால் நேர்ந்தவற்றை அறிந்தோர் எவரும் அப்படி எண்ணார். 1999இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியன் குழுவினர், என்.எம்.டி.ஏ. வாயிலின் ஒரு கூற்றைப் பெருக்கி, கற்றலில் சிறந்த சுண்டெலிகளை உருவாக்கினர். உலகெங்கும் அச்செய்தி கொண்டாடப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, அத்தகைய சுண்டெலிகள் நாள்பட்ட வலியையும் மிகுதியாக உணர்கின்றன என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினர். நினைவைக் கூர்மையாக்கும் வாயில் வேதனையையும் கூர்மையாக்கியது. மனிதரிடத்தும் சான்று உண்டு. கேவி 1.3 வாயில் அளவுக்கு மீறித் திறக்கும்படி பிறவியிலேயே மரபணு மாறிய குழந்தைகள் சிலருக்கு வலிப்பும் வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படுகின்றன. அதன் உடன்பிறப்பான கேவி 1.2 வாயில் மூடாமல் திறந்தே நிற்கும் மாற்றத்தால், இதயத் துடிப்புக் கோளாறும் மதியிறுக்கமும் சேர்ந்து வரும் டிமதி நோய்த்தொகுதி உண்டாகிறது. பக்கவாதத்தில் குருதி தடைப்பட்ட மூளைப்பகுதியில் குளூட்டமேட் கட்டின்றிப் பெருகி, கால்சியம் வெள்ளமாய்ப் பாய்ந்து, நரம்பணுக்களைக் கொன்றே விடுகிறது. நினைவை எழுதும் அயனியே மூளையை அழிக்கும் அயனியும் ஆகிறது. மூளை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட கட்டுப்பாட்டின் விலையாகச் சற்றுக் குறைந்த கற்றலை நாம் ஏற்கிறோம் போலும். கெண்ட் ரிட்ஜ் ஆய்விலிருந்து நான் பெறும் பொருள் இதுவே.

வெளியிலிருந்து நுழைவது மட்டுமே கால்சியம் அன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உயிரணுவின் அகவலைக்குள் சேமித்து வைத்த இருப்பிலிருந்தும் அது வெளிப்படுகிறது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் கெய்தி ஹாசன் இவ்விருப்பைப் பழ ஈக்களில் ஆராய்ந்தவர். அகவலையின் வாயில் பழுதான ஈக்கள் பறக்கும் திறனை இழந்தன என்பதை அவருடைய குழு 2004இல் காட்டியது. சிறகுகளை இயக்கும் நரம்புகள் உரிய தாளத்தில் இயங்கவில்லை.

முதுமையில் இவ்வாளுகை தளர்கிறது. 1984இல் பிலிப் லாண்ட்ஃபீல்டு, முதிய எலிகளின் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களில், ஒருமுறை கிளர்ந்தபின் கால்சியத்தால் நேரும் ஓய்வுநிலை இளம் எலிகளைவிட நீண்டு நிற்பதைக் கண்டார். முதிய நரம்பணுவுக்குள் கால்சியம் மிகுதியாக நுழைகிறது. அதனாலேயே அது அடுத்த செய்திக்கு எளிதில் இசைந்து கொடுப்பதில்லை. 1989இல் முதிய முயல்களுக்கு நிமோடிபின் என்னும் கால்சியம் வாயிலடைப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது அவை விரைந்து கற்றன. இளம் சுண்டெலியில் கால்சியம் கூடியதால் கற்றல் ஓங்கியது. முதிய முயலில் கால்சியம் குறைந்ததால் கற்றல் ஓங்கியது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். ஒவ்வொரு வயதிலும் மூளைக்குரிய அளவு ஒன்று இருக்கிறது. அதற்கு மேலும் கேடு, கீழும் கேடு.

ஆயினும் முயலில் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை. நிமோடிபின் மறதிநோயைத் தடுக்கும் மருந்தாக நிலைபெறவில்லை. கேவி 1.3 வாயிலை அடைக்கும் இஸ்ராடிபின், பார்க்கின்சன் நோயின் போக்கைத் தணிக்குமா என்று நடந்த பெரிய மருத்துவச் சோதனையும் பயனின்றி முடிந்ததை 2020இல் வெளியான முடிவுகள் காட்டின. என்.எம்.டி.ஏ. வாயிலை மென்மையாக அடைக்கும் மெமன்டின் மட்டும், அல்சைமர் நோய் முற்றியவர்களுக்குச் சிறு துணையாக 2003 முதல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டு வழங்கப்படுகிறது. நோயை அது நிறுத்துவதில்லை. ஒரு வாயிலை முற்றாக அடைப்பதோ முழுதாகத் திறப்பதோ எளிது. நேரமும் இடமும் அறிந்து திறக்கச் செய்வது மருந்துக்கு அரிது.

கால்சியம் நினைவுக்கு வேண்டும் என்று கேட்டவுடன் மாத்திரைக் கடைக்கு ஓடுவோர் நம்மிடையே உண்டு. பெற்றோர் சிலர் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் பரிவோடு சொல்ல வேண்டியது ஒன்று. குருதியில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்னும் குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகிறது. கழுத்தில் உள்ள துணைக்கேடயச் சுரப்பிகள் அதை இடைவிடாது கண்காணிக்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து நிரப்புகின்றன. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பாலும் எலும்புக்கு நல்லவை. வளரும் பிள்ளைக்கு அவை வேண்டும். ஆனால் உண்ட கால்சியம் மிகுவதால் நுண்முள்ளின் ஆறு அயனிகள் ஏழாகா. மாறாக, நோயினாலோ மருத்துவரைக் கேளாமல் மாத்திரைகளை மிகுதியாக விழுங்குவதாலோ குருதியில் கால்சியம் எல்லை மீறினால் குழப்பமும் தளர்ச்சியும் மறதியும் வரும். குறைந்தாலும் கைகால் இசிவும் வலிப்பும் வரும். முதியவர் ஒருவருக்குத் திடீரென மனக்குழப்பம் தோன்றினால், வயதின் இயல்பு என்று ஒதுக்கிவிடாமல் குருதியின் கால்சியத்தையும் சோதிக்கும்படி மருத்துவரைக் கேட்பது நல்லது. திருத்தக்கூடிய காரணமாக இருந்தால், அந்த முதியவர் தம்மை மீட்டுக்கொள்வார்.

இந்த அறிவியலை நான் இத்துணை அக்கறையோடு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2013இல் மனநலக் கழகம் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருந்தது. பத்தாண்டுகள் கழித்து மீண்டும் நடத்தியபோது அது நூற்றுக்கு 8.8 ஆகக் குறைந்திருந்தது. பங்கு குறைந்தாலும் முதியோரின் தொகை பெருகி வருகிறது. சந்தைக்குப் போன தாத்தாவோ பாட்டியோ தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் எண்ணை மறந்து நிற்கும் காட்சியைக் கேலாங் வாசிகள் அறிவார்கள். வழியை இழந்தவர்களுக்கு உதவ அண்டை வீட்டாரும் கடைக்காரரும் இருக்கிறார்கள். அவர்கள் இழந்ததை மூளையின் மட்டத்தில் அறிய ஆய்வகங்கள் வேண்டும்.

அந்த ஆய்வகங்களின் முன் இப்போது நிற்கும் வினா இது. கேவி 1.3இன் படியில் நிகழும் திருத்தம் மனித மூளையில் வயதுக்கேற்பக் கூடுகிறதா, குறைகிறதா? மறதிநோயாளரிடத்தில் அது பிறழ்கிறதா? சுண்டெலியைக் கொண்டு இதற்கு முழுவிடை காண முடியாது. உயிரோடிருக்கும் மனிதரின் ஹிப்போகாம்பஸிலிருந்து துணுக்கு எடுக்கவும் இயலாது. இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க முன்வருவோரே இவ்வினாவுக்கு வழி திறக்க வல்லவர்கள். அதற்கென்றே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தேசிய நரம்பியல் கழகமும் தேசியச் சுகாதாரப் பராமரிப்புக் குழுமமும் சேர்ந்து 2019இல் சிங்கப்பூர் மூளை வங்கியை நிறுவின. நோயுற்ற மூளையோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற மூளையும் வேண்டும் என்பதால், நலமாக வாழ்ந்து முதிர்ந்தவர்களின் கொடையும் அங்கே தேவைப்படுகிறது. சீனர், மலாயர், தமிழர் என இந்நாட்டின் எல்லா இனத்தவரின் மூளைகளும் சேர்ந்தால்தான் அங்கே கிடைக்கும் விடை இந்நாட்டவர் எல்லோருக்கும் பொருந்தும். நம்மவர் வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சு எழ வேண்டும். பெற்றோர் தெளிவோடு இருக்கும்போதே, அவர்களிடமே கேட்டு.